பன்னிரண்டு வயதுச் சாம்பியன்

என் வாயில் எதுவும் தங்காது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பொய் இல்லை. பார்மஸிக்காரரின் இரண்டாவது குடும்பம், பள்ளித் தலைமையாசிரியையின் பல்செட்டு, பாதிரியார் எந்தக் கிழமை எந்த வீட்டில் சாப்பிடுகிறார் என்பது எல்லாமே சோள ரொட்டிக்குள் கறி அடைத்து விற்கும் என் கோர்டித்தாக் கடைக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களுக்குப் பன்றிக்கறியோடு சேர்த்துக் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு விஷயம் முப்பத்தெட்டு வருஷமாக என் வாயில் தங்கியிருக்கிறது. இப்போதும் அதைச் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லாமலே நடந்த அநியாயத்தை மட்டும் சொல்கிறேன்.

என் கடைக்கு எதிரே அல்கொதோனேரா மல்யுத்த அரங்கம். மெக்சிகோவின் வடக்கே எங்கள் கோமஸ் பலாசியோவில் அதைத் தெரியாதவர் இல்லை. 1974இல் லகூனா வட்டாரத்துக்கென்று ஒரு வெல்ட்டர் எடைப் பட்டம் வேண்டும் என்று அரங்க முதலாளி தோன் அர்னுல்ஃபோவுக்குத் தோன்றியது. லெர்தோவில் குதிரைச் சேணம் தைப்பவரிடம் சொல்லி ஒரு பெல்ட் செய்ய வைத்தார். நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒரு பருத்திப்பூ. பார்ப்பதற்கு பூசணிப்பூ மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை.

அந்த பெல்ட்டை முதலில் கட்டியவர் காய்யோ முர்ரியேத்தா. இரண்டாவது சாம்பியன் சான் பெத்ரோ ஊர் நாவிதர். ஒருநாள் பெல்ட்டை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அது சிவாவா வரை தனியாகப் பயணம் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மூன்றாவது சாம்பியன் பருத்தி வியாபாரியின் மனைவியோடு ஊரை விட்டுப் போனார். நல்லவேளை, பெல்ட்டை விட்டுவிட்டுப் போனார். நான்காவது, டொல்வனேரா.

புழுதிப்புயல் என்று அர்த்தம். வறண்டு கிடக்கும் நாசாஸ் ஆற்றுப்படுகையிலிருந்து மார்ச் மாதத்தில் கிளம்பி எங்கள் துணிமணி, சோறு, கண், மூக்கு எல்லாவற்றிலும் புகுந்துகொள்ளுமே, அந்தப் புழுதிதான். மண்நிற முகமூடி, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். 1986இல் பட்டம் வென்றார். ஐந்து வருஷம் யாரும் அவரிடமிருந்து அதைப் பிடுங்க முடியவில்லை. 1991இல் முழங்கால் போனது. பட்டத்தைத் தோற்காமலே விட்டார். முகமூடியையும் தோற்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். எங்கள் ஊரில் முகமூடிக்காரனின் முகத்தைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. பந்தயம் கட்டிய சண்டையில், மேடையில், எல்லோர் முன்னாலும் அவனைத் தோற்கடித்து அவிழ்க்க வேண்டும். அப்போது அவன் தன் பெயரையும் ஊரையும் சொல்வான். அப்படித் தோற்காதவன் சாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது. தெரிந்தவர்களும் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தாலும், கூடப் படுக்கிறவளாக இருந்தாலும்.

ஆகவே எங்கள் தெருவில் கூலர் பழுதுபார்க்கும் ஒரு மாஸ்டர் இருக்கிறார். எவரார்தோ என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை. எங்கள் தெருவில் மூன்று கூலர் மாஸ்டர்கள் இருப்பதால் யார் என்று நீங்கள் கண்டுபிடிக்கவும் முடியாது. வயது அறுபத்து நான்கு. வெயில் காலம் வருவதற்குள் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி, கூலரில் பழைய வைக்கோலைப் பிடுங்கிப் புதிது வைப்பார். ஏணியில் ஏறும்போது வலது முழங்கால் மடங்காது. அது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவர் முழங்கால் போனதும் தோன் அர்னுல்ஃபோ என்ன செய்தார் தெரியுமா? டொல்வனேரா என்ற பெயரைத் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தார். அதே மாதிரி இன்னொரு முகமூடி தைக்க வைத்து, 1993இல் உலிசஸ் கரிபாய் என்ற பையனின் தலையில் மாட்டிவிட்டார். பார்க்க வந்தவர்களுக்கு அதே டொல்வனேரா. எங்களுக்குத் தெரியும், இவன் இடதுகாலில் குதிக்கிறான், அவர் வலதுகாலில் குதிப்பார். 2004இல் கரிபாய் ஒரு பந்தயத்தில் முகமூடியைத் தோற்றான். பெயரைச் சொன்னான். பத்திரிகையில் படம் வந்தது. சரி, அவன் முகமூடி, அவன் தோல்வி. அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

போன ஜூன் மாதம் பட்டத்துக்கு ஐம்பது வருஷம். தோன் அர்னுல்ஃபோ செத்துப்போய், சட்டம் படித்த மகன் ஃபப்ரீசியோ இப்போது அரங்கத்தை நடத்துகிறார். எல்லோரும் வக்கீலய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாசல் கூடத்தில் ஒரு பெரிய பலகை மாட்டினார். சாம்பியன்களின் வரிசை. வியாழக்கிழமை திரையை விலக்கியபோது நான் முதல் ஆளாக நின்று படித்தேன். நான்காவது வரியில்:

டொல்வனேரா (உலிசஸ் கரிபாய்), 1986–1991.

கீழே இன்னொரு அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை விழாவில், பட்டத்தை அதிக நாள் வைத்திருந்த வீரருக்குப் பழைய பித்தளை பெல்ட் என்றென்றைக்குமாக வழங்கப்படும்.

கரிபாய் என் தங்கையிடம் ஆறாம் வகுப்புப் படித்தவன். 1986இல். கணக்கில் மோசம் என்று அவள் இன்னும் சொல்வாள். பன்னிரண்டு வயதில் லகூனா வட்டார வெல்ட்டர் சாம்பியன்! பால்பல் எல்லாம் விழுந்திருந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அடுப்பை அணைக்காமல் நேராக டெல்ஃபீனா வீட்டுக்குப் போனேன். எவரார்தோவின் மனைவி. (அவள் பெயரும் அது இல்லை.) அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வோம். மாஸ்டர் தன் வீட்டு மாடியிலேயே கூலரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கொமாத்ரே, உக்காந்துக்கோ. நான் சொல்றத நின்னுக்கிட்டுக் கேக்க முடியாது."

சொன்னேன். டெல்ஃபீனா உட்காரவில்லை. முற்றத்துக்கு ஓடி மேலே பார்த்துக் கத்தினாள்.

"கேட்டீங்களா? உங்க அஞ்சு வருஷத்தையும் அந்தப் பயலுக்குத் தூக்கிக் குடுத்துட்டானுங்க!"

மேலே வைக்கோல் பிய்க்கும் சத்தம் நின்றது.

"யாரோட அஞ்சு வருஷம்?" என்றார் மாஸ்டர்.

"என்கிட்டயே நடிக்கிறீங்களா? அந்த முகமூடிய அவுத்து அவுத்துத் தைச்சவ நான். மூக்குக்கிட்ட ரத்தக்கறை போகாம எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சவ நான்!"

"டெல்ஃபீனா, கொமாத்ரே இருக்காங்க."

"அவளுக்குத் தெரியாதா? இந்த ஊர் நாய்க்கெல்லாம் தெரியும்!"

"நாய் சொல்லிச்சா?" என்றார் அவர். "சொல்லாதுல்ல. நாயே சொல்லாத விஷயத்த நான் போய்ச் சொல்லணுமா? முகமூடி தோக்காதவன் வாயத் தொறக்கக் கூடாது. அவ்ளோதான்."

"அப்ப அந்த பெல்ட்டு?"

ஒரு வைக்கோல் கட்டு மேலிருந்து பொத்தென்று விழுந்தது. அதற்கு மேல் அவரைக் கேட்க முடியாது. அந்தப் பூசணிப்பூத் தகட்டை ஐந்து வருஷம் இடுப்பில் கட்டிக்கொண்டு இரத்தம் சிந்திய மனிதர். அதை வெளியே சொல்லவும் முடியாது, இன்னொருவன் கட்டிக்கொள்வதைப் பார்க்கவும் முடியாது.

நேராக அரங்கத்து அலுவலகத்துக்குப் போனேன்.

"வக்கீலய்யா, ஒரு சின்னக் கணக்கு. கரிபாய் பொறந்தது எழுபத்துநாலு. பட்டம் ஜெயிச்சது எண்பத்தாறு. கழிச்சுப் பாருங்க."

அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "டோன்யா ஒப்துலியா, இதெல்லாம் புராணம் மாதிரி. புராணத்துல வயசு பாக்கக் கூடாது."

"புராணம்னா பெயர் எதுக்குப் போட்டீங்க? டொல்வனேரான்னு மட்டும் போட வேண்டியதுதானே?"

"பெல்ட்டக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல? புதன்கிழமை அது நகராட்சி கண்காட்சிக்குப் போகுது. யாருதுன்னு எழுதிக் குடுக்கணும். அப்பா ஏட்டுல டொல்வனேரான்னுதான் இருக்கு. டொல்வனேரா யாரு? முகமூடி தோத்தப்போ பெயர் சொன்னவன் யாரு? கரிபாய். ஏட்டுல ஒரே டொல்வனேராதான்."

"ரெண்டு பேரு இருந்தாங்க!"

"அப்படியா? இன்னொருத்தர் யாரு? பெயர் சொல்லுங்க. நாளைக்கே வரட்டும். முகமூடியக் கழட்டி, அடையாள அட்டையக் காட்டி, கையெழுத்துப் போடட்டும். பலகைய மாத்திடறேன்."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். அந்த ஆள் சிரித்தார், பாருங்கள்! அவருக்கும் தெரியும். மல்யுத்த முதலாளி வீட்டில் பிறந்தவருக்கு இந்த வழக்கம் தெரியாமலா இருக்கும்? உண்மையானவனால் வர முடியாது என்று தெரிந்தேதான் வரச் சொன்னார். ஊரில் உள்ளதையெல்லாம் கொட்டிய என் வாய், கொட்டியே ஆக வேண்டிய ஒரே நாளில் தைத்துப் போட்ட மாதிரி நின்றது. கடைக்குத் திரும்பி வந்து ஒரு வாடிக்கையாளருக்கு மிளகாய்ச் சட்னியை இரண்டு மடங்கு போட்டுவிட்டேன். அவர் செய்த பாவம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விழா. எங்கள் தெருவே போயிருந்தது, டெல்ஃபீனா உட்பட. மாஸ்டர் வரவில்லை, யார் வீட்டிலோ கூலர் மோட்டார் எரிந்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமையில்.

கரிபாய் பளபளக்கிற சூட்டில் மேடையேறினான். தலைமுடிக்குச் சாயம், காதில் கம்மல். ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த பெல்ட்டுக்காக நான் சிந்தின வேர்வை..." என்று ஆரம்பித்தான்.

"பள்ளிக்கூடத்துலயா?" என்று பின்வரிசையிலிருந்து நான் கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வக்கீலய்யா என்னை முறைத்தார்.

பிறகு பெல்ட்டை எடுத்து அவன் இடுப்பில் கட்டப் போனார்கள். இங்கேதான் வேடிக்கை. அந்த பெல்ட்டின் கொக்கி 1987இல் ஒரு கைகலப்பில் நாற்காலி பட்டு உடைந்தது. அன்றைய டொல்வனேரா அதைக் கடைக்குக் கொடுக்கவில்லை. ஒரு பழைய கூலர் மோட்டாரின் சுருள்கம்பியையும் பிடியையும் எடுத்துத் தானே ஒரு கொக்கி செய்து மாட்டினார். அவர் போன பிறகு வந்த சாம்பியன்களுக்கு குவாதலஹாரா நகரத்தில் புது பெல்ட் செய்துவிட்டதால், பழையதை முப்பத்துமூன்று வருஷமாக யாரும் கட்டவே இல்லை. கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது.

கரிபாய் இழுத்தான். கொக்கி மாட்டவில்லை. வக்கீலய்யா குனிந்து அழுத்தினார். மாட்டவில்லை. அறிவிப்பாளர் வந்தார், நடுவர் வந்தார், புகைப்படக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான்கு பேர் சேர்ந்து ஒருவன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கேலரியில் விசில் பறந்தது.

"என்னப்பா சாம்பியன், அஞ்சு வருஷம் கட்டின பெல்ட்டு மறந்துபோச்சா?"

"பேன்ட்டாவது நீயே போட்டியா, அம்மா போட்டுவிட்டாங்களா?"

அப்போது எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. நடைபாதையில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். மண்நிற முகமூடி, மஞ்சள் வளையம். மூக்குக்கு அருகில் எலுமிச்சம்பழத்துக்கும் போகாத ஒரு பழுப்புக் கறை. வலது கால் மடங்காமல் பக்கவாட்டில் வீசி வீசி நடந்தார். என் பக்கத்தில் டெல்ஃபீனா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

கயிற்றுக்கு நடுவே உள்ளே போனார். வக்கீலய்யா ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"யாருய்யா நீ? பேசணும்னா முகமூடியக் கழட்டிட்டுப் பேசு! பெயரச் சொல்லு!"

அவ்வளவுதான். அரங்கமே எழுந்தது. சண்டையே இல்லாமல், ஒரு பிடி கூடப் போடாமல், ஒருவனை முகத்தைக் காட்டச் சொல்வதா? அதுவும் அந்த மேடையில் நின்று? உட்காரும் திண்டுகள் பறந்தன. சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று வக்கீலய்யாவின் கண்ணாடியில் விழுந்தது. எண்பது வயது ஆள் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று, "உங்கப்பன் இருந்தா உன்னச் செருப்பால அடிச்சிருப்பான்!" என்று கத்தினார். நானும் எதையோ எறிந்தேன். என்ன என்று கேட்காதீர்கள்.

டொல்வனேரா கரிபாயின் முன்னால் குனிந்தார். கொக்கியின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, பாதிச் சுற்றுத் திருப்பி, இழுத்துவிட்டார். டக். ஒரே நொடி. தகட்டை இரண்டு தட்டுத் தட்டினார். கயிற்றைத் தாண்டி இறங்கி, வந்த வழியே போனார்.

என்ன அநியாயம், திருடனுக்கே கட்டிவிட்டுப் போகிறாரே என்று எனக்கு ஒரு நிமிஷம் அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் புரிந்தது.

நாற்பது டிகிரி வெயில். தெருவில் ஒரு கார் வந்து நின்றது, கண்ணாடி எல்லாம் ஏற்றி. உள்ளே வக்கீலய்யா. கரிபாய் இறங்கினான், தடித்த தோல் ஜாக்கெட்டைக் கழுத்துவரை மூடிக்கொண்டு. நேராக எங்கள் மாஸ்டர் வீட்டு வாசலுக்குப் போனான். ஆக, எந்த வீடு என்று அவனுக்கும் தெரிந்தேயிருக்கிறது! என் கடை வரிசையில் இருந்த பதினைந்து பேரும் கோர்டித்தாவோடு திரும்பி நின்றார்கள்.

மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்..."

"வாங்க தம்பி. வைக்கோல் மாத்தணுமா, மோட்டாரா?"

"கூலர் இல்ல மாஸ்டர்." ஜாக்கெட்டைத் திறந்தான். சட்டைக்கு மேல் பூசணிப்பூ. "ராத்திரியெல்லாம் இதோடதான் படுத்தேன். கழட்ட முடியல. அறுக்கலாம்னா, கண்காட்சிக்கு முழுசா வேணும்ங்கறாரு. குளியலறைக்குப் போறதே பெரும்பாடா இருக்கு மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு பெல்ட்டப் பத்தி என்ன தெரியும்? நான் கூலர்காரன். இது டொல்வனேராவோட பெல்ட்டுல்ல? அவரத்தான் கேக்கணும்."

"மாஸ்டர்..."

"ஆமா, நீங்கதான டொல்வனேரா? பலகையில போட்டிருக்காமே. நீங்களே கழட்டிக்கலாமே."

"அந்தக் கொக்கிய எப்பத் தம்பி செஞ்சீங்க?" என்று நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டேன். "ஆறாங்கிளாஸ் பரீட்சைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

கரிபாய் காரைத் திரும்பிப் பார்த்தான். கார்க் கண்ணாடி இறங்கவில்லை. அவன் வேர்வையைத் துடைத்தான்.

"நான் இல்ல," என்றான்.

"காதுல விழல," என்றாள் டெல்ஃபீனா, ஜன்னலிலிருந்து.

"அந்த அஞ்சு வருஷம் நான் இல்ல!" தெருவே கேட்கும்படி சொன்னான். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. ஞாயித்துக்கிழமை அப்பாவோட கேலரியில உக்காந்து கைதட்டினேன். நாற்காலியால அடிச்சாங்களே, அன்னைக்கும் இருந்தேன். அழுதேன். ஒரு நாள் நானும் அந்த முகமூடி போடணும்னு... போட்டேன். பலகையில என் பெயரப் பாத்தப்ப, தப்புன்னு சொல்லத்தான் நெனச்சேன். சொல்லல."

மாஸ்டர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையை உடையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இருங்க," என்றார். "அவரு உள்ள இருக்காரான்னு பாக்கறேன்."

உள்ளே போனார். கதவு மூடியது. மூன்று நிமிஷம். கதவு திறந்தது. டொல்வனேரா வெளியே வந்தார். மண்நிற முகமூடி. கீழே எண்ணெய்க் கறை படிந்த அதே நீல உடை. அதே ரப்பர் செருப்பு, குதிகாலில் ஒட்டிய அதே வைக்கோல் துண்டு.

"வணக்கம் சாம்பியன்!" என்றோம், பதினைந்து பேரும். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை.

அவர் தலையசைத்தார். குனிந்து, அழுத்தி, திருப்பி, இழுத்தார். டக். கரிபாய் பெல்ட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான். டொல்வனேரா வாங்கிக்கொண்டு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே போனார். சிறிது நேரத்தில் மாஸ்டர் வெளியே வந்து உட்கார்ந்து மோட்டாரை எடுத்தார்.

"வேல முடிஞ்சுதா தம்பி?"

அப்போதுதான் கார்க் கண்ணாடி இறங்கியது. "பெல்ட்டு எங்க? புதன்கிழமை கண்காட்சிக்கு வேணும்!"

"என்னக் கேட்டா?" என்றார் மாஸ்டர். "அவரு கிளம்பிட்டாரே. பின்வாசல் வழியா."

"அவன் யாரு? பெயர் என்ன? வீடு எங்க?" வக்கீலய்யா எங்கள் பக்கம் திரும்பினார். "டோன்யா ஒப்துலியா, நீங்க சொல்லுங்க! ஊர்க்கதையெல்லாம் சொல்ற வாய்தானே?"

"எனக்கு என்ன தெரியும் வக்கீலய்யா? அதெல்லாம் புராணம்," என்றேன். "கோர்டித்தா சாப்பிடறீங்களா?"

கண்காட்சியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. 'பழுதுபார்ப்பில்' என்று ஒரு சீட்டு. பெல்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டெல்ஃபீனா வீட்டுக் கூடத்தில் சுவரில் புதிதாக ஒரு திரை தொங்குவதையும், கொமாத்ரே அதைத் தினமும் தூசி தட்டுவதையும் மட்டும்தான் நான் பார்த்தேன்.

பலகையை மட்டும் அந்த மனிதர் மாற்றவில்லை! கரிபாயே போய்ச் சொல்லியும், எழுதிக் கொடுத்தும் மாற்றவில்லை. முகம் வேண்டுமாம், கையெழுத்து வேண்டுமாம். நான்காவது வரி இன்னும் அப்படியே பல்லை இளிக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாரோ அந்த வரிக்குப் பக்கத்தில் கறுப்பு மையால் 'வயது 12' என்று எழுதிவிடுகிறார்கள். திங்கட்கிழமை வக்கீலய்யா ஆள் வைத்துத் துடைக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடி இருக்கிறது.

அது நான் என்று சொல்லித் திரிகிறார். நான் இல்லை. என் கையெழுத்து அதைவிட நன்றாக இருக்கும். நான் எழுதினால் துடைக்கவும் முடியாது.